கொழுப்பு விருந்துக்குப் பின் ஆரஞ்சுச் சாறு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குடைந்த ரொட்டிக்குள் ஆட்டிறைச்சிக் குழம்பை நிரப்பித் தரும் 'பன்னி சௌ'வைச் சாப்பிடுகிறவர்களில் பலர், ரொட்டியின் அடிப்பாகம் சிவந்த எண்ணெயில் ஊறிக் கையில் பிய்ந்து வருவதையே சுவையின் அடையாளமாகக் கொள்கிறார்கள். "கூடவே ஆரஞ்சு ஜூஸ் குடித்தால் சரியாகிவிடும்" என்பது என் அத்தையின் தீர்ப்பு. அதில் ஓரளவு உண்மை உண்டு.

கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் சில மணி நேரம் இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு உயர்ந்திருக்கும். அப்போது இரத்த நாளங்களின் உட்சுவரில் உருவாகி அவற்றை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடின் பயன் குறைவதால், நாளங்கள் தேவைக்கேற்ப விரியும் திறன் தற்காலிகமாக மங்குகிறது. கையில் பட்டையை இறுக்கி, சில நிமிடம் கழித்துத் தளர்த்தி, தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளந்து இதைக் கண்டறிகிறார்கள். 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 50 கிராம் கொழுப்புள்ள ஒரே காலை உணவு நல்ல உடல்நலம் உள்ளவர்களிடமும் இந்த விளைவை ஏற்படுத்தியது. 2010இல் வெளியான மற்றோர் ஆய்வில், கொழுப்பும் மாவுச்சத்தும் மிகுந்த உணவோடு ஆரஞ்சுச் சாறு குடித்தவர்களுக்கு, தண்ணீரோ குளுக்கோஸோ குடித்தவர்களைவிட இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் குறிகள் குறைவாக இருந்தன.

அழற்சி ஒரு வேளை தணிவதை மாரடைப்புக்குக் காப்பு என்று முடிவு செய்வது அவசரப்படுவதாகும். கால் லிட்டர் சாற்றிலேயே ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. நீரிழிவு மலிந்த நம் குடும்பங்களில் இது சிறிய விஷயமன்று. முழுப் பழத்தையே நான் விரும்புவேன். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்கள், ஆரஞ்சின் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழத்தின் சாற்றைத் தவிர்க்க வேண்டும். அது மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்தித் தசைப் பாதிப்பை உண்டாக்கக்கூடும்.