ஒப்பு ஈரப்பதத்திலிருந்து தன் ஈரப்பதத்துக்கு: ஒரு நாட்குறிப்பு

செப்டம்பர் 9, 2024

சென்னைக் காற்றிலும் கொடைக்கானல் காற்றிலும் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று ஒப்பிடும் வேலையை இன்று தொடங்கினேன். வானிலை நிலையப் பதிவுகள் உள்ள என் கோப்பில் இருப்பது ஒப்பு ஈரப்பதம். அது காற்று தெவிட்டலுக்கு, அதாவது இனியும் நீராவி ஏற்க இயலாத நிலைக்கு, எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, நீராவியின் அளவைச் சொல்லாது. ஒரு கிலோ ஈரக்காற்றில் எத்தனை கிராம் நீராவி என்பதே தன் ஈரப்பதம். அதைப் பெற வெப்பநிலையும் அழுத்தமும் கூடவே வேண்டும்.

செப்டம்பர் 10

இந்த மாற்றத்தைச் செய்யும் கணினி நிரலை நம்புவதற்கு முன், வானிலை ஆய்வாளர் போல்டன் 1980-இல் தந்த வாய்பாட்டைக் கையால் போட்டுப் பார்த்தேன். செல்சியஸ் வெப்பநிலையை 17.67-ஆல் பெருக்கி, அதே வெப்பநிலையோடு 243.5 கூட்டி வரும் தொகையால் வகுத்து, அதை e-இன் அடுக்காக்கி 6.112-ஆல் பெருக்கினால், தெவிட்டிய ஆவி அழுத்தம் ஹெக்டோபாஸ்கலில் கிடைக்கும். 30 டிகிரிக்கு 42.46 வந்தது; ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் ஆவி அழுத்தம் 29.7. இதை 0.622-ஆல் பெருக்கி, மொத்த அழுத்தமான 1005-லிருந்து ஆவி அழுத்தத்தின் 0.378 பங்கைக் கழித்த மீதியால் வகுத்தேன்: கிலோவுக்கு 18.6 கிராம். ஆவி அழுத்தம் முழுவதையும் கழித்திருந்தால் 19.0 வந்திருக்கும், அது கலப்பு விகிதம், அதாவது ஒரு கிலோ உலர்காற்றுக்கு எத்தனை கிராம் நீராவி என்ற வேறு அளவு.

செப்டம்பர் 11

கொடைக்கானலுக்கும் கடல்மட்ட அழுத்தமான 1013-ஐயே இட்டிருந்தேன். 15 டிகிரி, 70 விழுக்காட்டுக்கு 7.4 கிராம் வந்தது. அந்த உயரத்தில் அழுத்தம் 770 அளவில்தான் இருக்கும் என்று திருத்தியபின் 9.7 ஆயிற்று. கால் பங்கு நீராவி கணக்கில் காணாமல் போயிருந்தது.

செப்டம்பர் 13

இன்று கண்டதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. விடியலில் 25 டிகிரியும் 94 விழுக்காடும், பிற்பகலில் 35 டிகிரியும் 53 விழுக்காடும் என்று வைத்துக்கொண்டால், இரு வேளையிலும் ஆவி அழுத்தம் 29.8, தன் ஈரப்பதம் ஏறத்தாழ 18.7 கிராம். விழுக்காடு பாதியளவுக்கு இறங்கியும் காற்றின் நீராவி மாறவே இல்லை. ஆனால் முதலில் சராசரி எடுத்து, 30 டிகிரி, 73.5 விழுக்காடு என்று மாற்றினால் 19.5 வருகிறது. வெப்பம் ஏறும்போது ஒப்பு ஈரப்பதம் இறங்குகிறது என்ற உறவைச் சராசரி அழித்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு வேளையையும் தனித்தனியே மாற்றிய பிறகே சராசரி எடுக்க வேண்டும். நாள் சராசரியை மட்டும் வைத்துச் செய்த என் பழைய அட்டவணைகளை ஒதுக்கிவிட்டேன்.

செப்டம்பர் 16

ஒரு நிலையத்தின் பிற்பகல் பதிவில் 100 விழுக்காடு இருந்தது. மழைக்காலம்தானே என்று கடந்து போயிருப்பேன்; ஆனால் மாற்றிப் பார்த்தால் தன் ஈரப்பதம் 32 கிராமுக்கு மேல், அதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்போ 18. மூலப்பதிவைத் தேடினேன். உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் இரண்டும் ஒன்றுபோல் 33.4 டிகிரி காட்டியிருந்தன; இரண்டும் ஒத்தால் ஒப்பு ஈரப்பதம் 100 என்றே கணக்காகும். ஈரக்குமிழைச் சுற்றிய மஸ்லின் துணி காய்ந்து, நீர் ஆவியாகிக் குமிழைக் குளிர்விப்பது நின்றுபோயிருக்க வேண்டும். அந்த வரியை நீக்கிவிட்டு, இரு குமிழும் ஒத்துவரும் மற்றப் பிற்பகல்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.