வாடகை வீட்டு வாசலில் ஓர் எஞ்சின்

சிவப்பு விளக்கு எரிந்தபோது வீட்டுக்கு இன்னும் 6 கிலோமீட்டர் இருந்தது. பழைய காலத்து எண்ணெய்க் குப்பி மாதிரி ஒரு சின்னப் படம், அதன் மூக்கில் ஒரு சொட்டு. இரவு வேலை முடித்து வந்துகொண்டிருந்தேன். வீடு போய்ச் சேர்ந்துவிடலாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடர்ந்து ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் வந்தது. சத்தம் வேகமானது. அடுத்த சிக்னலுக்கு முன்னாலேயே எஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் ஒருமுறை முனகியது, அவ்வளவுதான்.

அந்த விளக்கு ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுவது. அழுத்தம் இல்லையென்றால் எஞ்சினுக்குள் சுற்றும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கவேண்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் இல்லை. உலோகமும் உலோகமும் நேராக உரசுகின்றன. அது எரிந்த கணமே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். மஞ்சள் விளக்கு என்றால் சீக்கிரம் கொண்டுபோய்க் காட்டு, சிவப்பு என்றால் இப்போதே நில். ஓட்டுநர் தேர்வுக்காகச் சாலைக் குறியீடுகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தேன். வண்டிக்குள் இருக்கும் குறியீடுகளைப் படிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அதற்கு முன் என் பெயரில் ஒரு கார் இருந்ததில்லை. புது நாட்டில் வாங்கிய முதல் வண்டி அது.

பழுதுபார்க்கும் இடத்தில் பார்த்துவிட்டு எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது, அதாவது உள்ளே இறுகிப்போய் இனிச் சுற்றாது என்றார்கள். மாற்றித் தருவார்கள், ஆனால் கூலி மட்டுமே வண்டியின் மதிப்பைத் தாண்டும். இங்கே வந்து முதலில் புரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இதுதான் என்று நினைக்கிறேன். பொருள் மலிவு, மனிதக் கையின் நேரம் விலை உயர்ந்தது. அது நியாயமானதும்கூட, நானும் மணிக்கூலிக்கு வேலை செய்கிறவன்தான். ஆனால் என் வேலை முடிகிற நேரத்தில் பஸ் கிடையாது. வண்டி இல்லையென்றால் வேலை இல்லை.

கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் பல ஆண்டுகள் கப்பலில் எஞ்சின் அறையில் ஃபிட்டராக இருந்தவர். அவரிடம் புலம்பினேன். "பாடி நல்லா இருக்கா தம்பி? துரு ஏறலையே? கியர் பாக்ஸ் சத்தம் போடலையே? அப்ப எஞ்சினை மட்டும் மாத்துவோம். நாமளே மாத்தலாம்" என்றார். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்கு அன்று இரவு தூக்கமில்லை.

நாங்கள் இருந்தது வாடகை வீடு. வாசலில் ஒரு காரை நிறுத்துமளவு சிமென்ட் தளம். வீட்டுக்காரரிடம் கேட்காமல் தொடக்கூடாது என்று என் மனைவி பிடிவாதமாக இருந்தாள். அவளே கடிதம் எழுதினாள்: எத்தனை நாள் ஆகும், தரையில் எண்ணெய் சிந்தாமல் என்ன விரிப்போம், கழிவு ஆயிலை எங்கே ஒப்படைப்போம் எல்லாம். இரண்டே வரியில் சம்மதம் வந்தது. வேலை தொடங்குமுன் தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டோம்.

முதல் சனிக்கிழமை, வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு கீழே படுத்து ஆயில் பிளக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். யாரோ சத்தம் போட்டார்கள். எதிர் வீட்டுப் பெரியவர். இரண்டு ஆண்டாக எதிரெதிரே குடியிருக்கிறோம், தலையசைப்பைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் சாலையைக் கடந்து வந்து, என் காலைப் பிடித்து இழுக்காத குறையாக, வெளியே வா என்றார். வெளியே வந்ததும் ஜாக்கியைக் காட்டி, அது தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை என்றார். அதன் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் சீல் போனால் போதும், மொத்த எடையும் இறங்கிவிடும். அப்புறம் அவரே தன் கொட்டகையிலிருந்து இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்து, கார் உற்பத்தியாளர் குறித்திருக்கும் தாங்கு இடங்களின் கீழே வைத்து, பின் சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுத்து, வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அதன் பிறகுதான் சிரித்தார். விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்த்தே வாழ்நாளைக் கழித்தவர் அவர். கொட்டகையில் எஞ்சின் தூக்கும் கிரேனும் இருந்தது.

எஞ்சின் மாற்றுவது பலசாலியின் வேலை என்று நினைத்திருந்தேன். பெரும்பகுதி நினைவு வைத்துக்கொள்ளும் வேலை. ஒரு சாதாரண நான்கு சிலிண்டர் எஞ்சினிலிருந்து கழற்ற வேண்டிய வயர் கனெக்டர்களும் ஹோஸ்களும் சேர்ந்தால் ஐம்பதைத் தொட்டுவிடும். அந்தப் பொறுப்பை என் மனைவி எடுத்துக்கொண்டாள். நான் ஒன்றைக் கழற்றுமுன் அவள் படம் எடுப்பாள். கழற்றியதும் இரண்டு முனையிலும் காகித டேப் ஒட்டி ஒரே எண்ணும் பெயரும் எழுதுவாள். தமிழில்தான் எழுதினாள். "ரேடியேட்டர் மேல் குழாய்", "ஹீட்டருக்குப் போவது, இடது", "கருப்புக் கனெக்டர், மூன்று கம்பி". போல்ட்டுகளை அட்டையில் குத்தி, எந்த இடத்தில் இருந்ததோ அந்த அமைப்பிலேயே நிறுத்தினாள். ஒரே தடிமனில் நீளம் மட்டும் மாறும் போல்ட்டுகள் நிறைய உண்டு. நீளமானதைத் தவறான துளையில் முறுக்கினால் அலுமினிய பிளாக்கே விரிசல் விடும்.

பெரியவர் மாலையில் வந்து அந்த டேப்புகளைக் குனிந்து பார்த்தார். இது என்ன எழுத்து என்று கேட்டார். மனைவி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். அவர் அந்தந்தப் பாகத்துக்குத் தன் மொழியில் என்ன பெயர் என்று சொன்னார். அவள் அந்தப் பெயரையும் தமிழ் எழுத்தில் கீழே எழுதிக்கொண்டாள். மொழி வகுப்பில் நாங்கள் இருவரும் ஓராண்டு உட்கார்ந்திருக்கிறோம். கடையில் எப்படிக் கேட்பது, மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று பயிற்சி செய்திருக்கிறோம். ஆனால் வாய் திறக்கும்போதெல்லாம் தொண்டையில் ஏதோ அடைக்கும். கையில் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசும்போது அந்த அடைப்பு இல்லை. "இறுக்கு", "தளர்த்து", "மெதுவாக", "நிறுத்து", "பிடித்துக்கொள்". இந்த ஐந்து சொற்களை வைத்துக்கொண்டே ஒரு முழு நாள் பேச முடிந்தது.

வரிசையும் முக்கியம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனை. அப்புறம் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை வடித்து மூடி வைத்தோம். அதன் இனிப்புக்கு நாயும் பூனையும் நக்கிவிடும், அது கொடிய விஷம். பெட்ரோல் குழாயில் அழுத்தம் மீதி இருக்கலாம் என்பதால் துணியைச் சுற்றி மெல்லத் தளர்த்தினோம். ஏசி குழாய்களைத் தொடவே இல்லை. அதன் வாயுவைக் காற்றில் விடக்கூடாது. கம்ப்ரசரை மட்டும் எஞ்சினிலிருந்து கழற்றி, குழாயோடு ஓரமாகக் கயிறு கட்டி நிறுத்தினோம். கியர் பாக்ஸ் எண்ணெயை வடித்துவிட்டு இரண்டு ஆக்ஸில்களையும் உருவினோம்.

வண்டி கையால் கியர் போடுகிற ரகம் என்பது நல்லதாய்ப் போயிற்று. ஆட்டோமேட்டிக்காக இருந்தால் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற எஞ்சினைக் கையால் சுற்றவேண்டும். சீஸ் ஆன எஞ்சின் சுற்றாது. எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்தே மேலே தூக்கினோம். இரண்டு டன் தாங்கும் கிரேன் என்றாலும் கையை நீட்ட நீட்ட அதன் தாங்கும் அளவு குறைந்துகொண்டே போகும். கையை நீட்டி நிறுத்தும் கடைசித் துளையில் கால்பங்குகூட வரலாம். அந்த அளவுகள் கிரேன் கையிலேயே எழுதியிருந்தன, பெரியவர் படித்துக் காட்டினார். எஞ்சினை வண்டியோடு பிணைத்திருந்த கடைசி மவுன்ட்டைக் கழற்றியதும் சங்கிலி இறுகி, வண்டியின் முன்பக்கம் மெல்ல எழுந்தது. அண்ணன் கையை உயர்த்தி, "நிறுத்து, எங்கேயோ பிடிச்சிருக்கு" என்றார். பின்பக்கம் ஒரு வயர் கிளிப் மாட்டியிருந்தது. அது விடுபட்டதும் எஞ்சின் அசைந்தபடி வெளியே வந்தது. அதற்குப் பிறகு பானட்டுக்குள் இருந்த அந்தப் பெரிய வெற்றிடத்தை நாங்கள் நான்கு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாற்று எஞ்சினை, விபத்தில் பின்பக்கம் நசுங்கிய வண்டியிலிருந்து கழற்றி விற்றவர்களிடம் வாங்கினோம். பிளாக்கில் பொறித்த எழுத்துகள் எங்களுடையதோடு ஒன்றாக இருக்கின்றனவா என்று மூன்று முறை பார்த்தார் அண்ணன். ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு எஞ்சின் ரகம் மாறும், சென்சார் மாறும். கழற்றுமுன்னே அங்கேயே கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எழும் அழுத்தம், சோதித்திருந்தார்கள்: psi அளவில் 175, 170, 175, 165. நான்கும் நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம் என்றார் அண்ணன். ஆயில் மூடியைத் திறந்து அடியில் பால் மாதிரிக் கசடு இருக்கிறதா என்று விரலால் தடவினார். இருந்தால் எண்ணெயோடு தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். சுத்தமாக இருந்தது.

வாங்கிவந்த அன்றே மாட்டிவிட எனக்கு அவசரம். அண்ணன் விடவில்லை. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஸ்பார்க் பிளக், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் எல்லாவற்றையும் எஞ்சின் தரையில் இருக்கும்போதே புதிதாகப் போட வைத்தார். "இப்ப அரை மணி நேர வேலை தம்பி. உள்ளே போன பிறகு சீல் ஒழுகினா திரும்பவும் இதே ரெண்டு வாரம்." அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது எஞ்சினின் பின்னால் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்றி அந்த சீலைப் பார்த்தபோது தெரிந்தது. விளிம்பு கல்போல் இறுகியிருந்தது.

எங்களை அதிகம் சோதித்தது கியர் பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும் கட்டம். கிளட்ச் தட்டை நடுவில் சரியாக நிறுத்த ஒரு பிளாஸ்டிக் தண்டு உண்டு. அதை வைத்துத்தான் போல்ட்டை இறுக்கினோம். இருந்தும் கடைசி ஒரு விரற்கடை இடைவெளி மூடவில்லை. போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று நான் ஸ்பானரை எடுத்தேன். அண்ணனும் பெரியவரும் ஒரே நேரத்தில், வெவ்வேறு மொழியில், வேண்டாம் என்றார்கள். அப்படி இழுத்தால் உறை உடையும், இல்லையென்றால் தட்டு கெட்டுவிடும். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஆனால் பெரியவர் கிராங்க்கை ஒரு சாக்கெட் போட்டு நூலிழை திருப்ப, அண்ணன் கியர் பாக்ஸை லேசாக ஆட்ட, பற்கள் பொருந்தி, "டொக்" என்று உட்கார்ந்தது. என்னைப் பார்த்து இருவரும் தலையாட்டிய விதம் ஒரே மாதிரி இருந்தது.

உள்ளே இறக்கி எல்லாவற்றையும் மாட்ட இன்னொரு வார இறுதி ஆயிற்று. மனைவி டேப்பில் எண்ணைப் படிக்கப் படிக்க நான் மாட்டினேன். குறித்த அளவு இறுகியதைக் காட்ட டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்றதும் அவள் நோட்டில் ஒரு கோடு போடுவாள். ஞாயிறு சாயங்காலம் சாவியைத் திருப்பினேன். "டிக்" என்று ஒரு சத்தம். திரும்பவும் "டிக்". வேறொன்றும் இல்லை. இந்த எஞ்சினும் சீஸ் என்று என் வயிறு கலங்கிவிட்டது. மனைவி நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, 31ஆம் எண்ணுக்கு நேரே கோடு இல்லை என்றாள். கியர் பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் போகும் தடித்த எர்த் வயர். அது இல்லாமல் ஸ்டார்ட்டரிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வழியில்லை. அட்டைக்கு அடியில் கிடந்தது.

அதை மாட்டிய பிறகும் உடனே கிளப்பவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டோம். எண்ணெய் எல்லா இடமும் ஏறும்வரை. டாஷ்போர்டில் அதே சிவப்பு எண்ணெய்க் குப்பி எரிந்துகொண்டிருந்தது. நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது முறை அது அணைந்தது. அப்புறம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை திக்கி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு, உள்ளே சிக்கிய காற்றெல்லாம் குமிழியாக வெளியேறும்வரை நின்றோம். சூடேறியதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்து கீழ்க் குழாயும் சுட்ட பிறகுதான் மூடினோம். பெரியவரின் மனைவியும் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார். அவர் பெயரை அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

எஞ்சின் எண் மாறியதால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டியிருந்தது. வாங்கிய ரசீதோடு போனேன், எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டின் தகுதிச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோனபோது, சோதனை செய்தவர் பானட்டைத் தூக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஹீட்டர் குழாயில் ஒரு டேப் உரிக்கப்படாமல் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறியும் மனைவியின் கையெழுத்து தெளிவாகத் தெரிந்தது. இது என்ன என்று கேட்டார். "ஹீட்டருக்குப் போவது, இடது" என்று அவர் மொழியில் சொன்னேன். அப்புறம் எஞ்சின் மாற்றியதைச் சொன்னேன், கிரேனைச் சொன்னேன், பின்பக்க சீலைச் சொன்னேன். அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, கிளட்ச்சை எப்படி நடுவில் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.