மேல்மாடியில ட்செட்சா: பெல்கிரேட் நாட்குறிப்பு

2019 ஜனவரி 13, ஞாயிறு

இங்க, செர்பியாத் தலைநகர் பெல்கிரேட்ல, இன்னைக்கு ராத்திரி மறுபடியும் நியூ இயர். பழைய காலண்டர் கணக்காம். ரெண்டு வாரம் முன்னாடிதான் வெடிச்சு முடிச்சானுங்க, இப்ப திரும்ப அதே வெடி அதே புகை, என் மேல்வீட்டுக்காரர் மட்டும் வெடியெல்லாம் இல்லாம ஒரே பாட்டை நாலு தடவை போட்டாரு. பொம்பள குரல், லேசா கரகரப்பு, ஒவ்வொரு வரியோட கடைசியிலயும் குரல் நடுங்கி வளைஞ்சு இறங்குது. நம்ம ஊர்ல கமகம்னு சொல்லுவோமே, அது டிஸ்கோ பீட் மேல உக்காந்தா எப்படி இருக்கும், அப்படி.

வீட்டுக்கார அம்மாகிட்ட யாரு இதுன்னு கேட்டேன். ரிட்டயர்டு டீச்சர், நல்லா இங்கிலீஷ் பேசுவாங்க. மூஞ்சி அப்படியே சுருங்கிருச்சு. "ட்செட்சா. உனக்குத் தேவையில்ல"ன்னுட்டாங்க. அப்படிச் சொன்னா நான் விடுவேனா.

ஜனவரி 15, செவ்வாய்

நியூ பெல்கிரேட் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல்ல கிளையன்ட் மீட்டிங். லாபியில காபி குடிச்சிட்டு இருக்கும்போது ஆபீஸ் நண்பன் சொல்றான், இன்னைக்கு என்ன தேதி தெரியுமா, இதே லாபியிலதான் 2000 ஜனவரி 15ல ஆர்கனைச் சுட்டாங்கன்னு. அப்ப ஹோட்டல் பேரு இன்டர்கான்டினென்டல். சுட்டவன் போலீஸ்ல இருந்த சின்னப் பையன். ட்செட்சாவும் அப்ப ஹோட்டலுக்குள்ளதான் இருந்திருக்காங்க. ஆர்கன் அவங்க புருஷன்.

காபி ஆறிப்போச்சு.

யாரு இந்த ஆர்கன்னா, நிஜப் பேரு ஜெல்ஜ்கோ ரஜ்நாதோவிச். எழுபதுகள்ல ஐரோப்பா முழுக்க பேங்க் கொள்ளை, ஜெயில், ஜெயில்லேர்ந்து தப்பிக்கிறது, இதான் தொழில். அப்புறம் ரெட் ஸ்டார்ங்கற பெல்கிரேட் ஃபுட்பால் கிளப்போட ரசிகர் கூட்டத்துக்குத் தலைவன். யூகோஸ்லாவியா உடைய ஆரம்பிச்சதும் அந்தக் கூட்டத்துலேர்ந்தே ஆள் சேர்த்து 'புலிகள்'னு ஒரு படை. குரோஷியா, போஸ்னியான்னு அந்தப் படை போன இடமெல்லாம் சாவு. போஸ்னியாவுல பியெல்யினான்னு ஒரு ஊர், 1992 ஏப்ரல், ரான் ஹாவிவ்னு ஒரு போட்டோகிராபர் எடுத்த படம் ஒண்ணு இருக்கு. ரோட்ல பொம்பளைங்க சுருண்டு கிடக்க, ஒருத்தன் கண்ணாடியைத் தலை மேல ஏத்தி விட்டுகிட்டு, கையில சிகரெட், காலைத் தூக்கி உதைக்கப் போறான். அந்தப் படத்தை ராத்திரி தேடிப் பாத்தேன், பாத்திருக்க வேணாம். ஹேக்ல இருந்த போர்க்குற்றக் கோர்ட் ஆர்கன் மேல குத்தச்சாட்டு போட்டுச்சு, விசாரணைக்கு முன்னாடியே ஆளு போயாச்சு.

மேல பாட்டு ஓடிட்டுதான் இருக்கு.

ஜனவரி 19, சனி

சனிக்கிழமை சாயங்காலம்னா டவுன்ல ஊர்வலம், டிசம்பர்லேர்ந்து கவர்ன்மெண்டுக்கு எதிரா நடக்குது. பஸ் இல்ல, நடந்தே வந்தேன். குளிர்ல காது இருக்கா இல்லையான்னே தெரியல.

ட்செட்சா பாடற வகைக்கு 'டர்போ ஃபோக்'னு பேரு, அந்தப் பேரே கிண்டலுக்கு வச்சதாம். ராம்போ அமாதேயுஸ்னு மான்டநீக்ரோக்காரர் ஒருத்தர் எண்பதுகள் கடைசியில ஜோக்கா விட்ட வார்த்தை, ஃபோக் பாட்டுக்கு டர்போ இன்ஜின் மாட்டினா எப்படின்னு. நக்கலா விட்ட வார்த்தையே அந்தப் பாட்டுக்கு நிஜப் பேராயிடுச்சு. அதுக்கு முன்னாடி இதுக்கு 'நொவோகொம்பொனோவானா'ன்னு பேரு, புதுசா மெட்டு போட்ட நாட்டுப்பாட்டுன்னு அர்த்தம். அக்கார்டியனும் கிராமத்துக் கதையும்தான் மூலதனம். அதுல லேப்பா ப்ரேனாதான் எண்பதுகளோட ராணி. 1990ல பல்கேரியாவுல சோஃபியா ஸ்டேடியத்துக்கு ஹெலிகாப்டர்ல வந்து இறங்கின அம்மா. முஸ்லிம் குடும்பத்துப் பொண்ணு, மொத்த யூகோஸ்லாவியாவுக்கும் சொந்தம். நாடு உடைஞ்சப்புறம் வந்த ராணிதான் ட்செட்சா.

ஜனவரி 27, ஞாயிறு

ரெண்டு நாளா காய்ச்சல். ட்செட்சாவோட 2001 ஹிட் ஒண்ணு இருக்கு, பேரே '39,2', ஜுர டிகிரிதான் பாட்டுத் தலைப்பு. தெர்மாமீட்டரைப் பாத்தேன், 38.4. பாட்டு ரேஞ்சுக்கு நமக்கு வரல.

படுத்துகிட்டே படிச்சது: 1973 ஜூன் 14ல பொறந்தவங்க, ஸ்வெத்லானா வெலிச்கோவிச். சொந்த ஊர் ஜிட்டோராஜா, தெற்கு செர்பியாவுல ஒரு கிராமம். 15 வயசுல, 1988ல, சரயேவோ பக்கத்துல இலிஜா பாட்டு விழாவுல மேடை ஏறுறாங்க. சரயேவோ! அடுத்த நாலே வருஷத்துல அந்த ஊரைச் சுத்தி மலை மேலேர்ந்து குண்டு போட்டாங்க. முதல் ஆல்பத்துல இருக்கறது கன்னத்துல குழி விழற கிராமத்துப் பொண்ணு குரல், சும்மா துள்ளல். 1993ல 'குகாவிட்சா'ன்னு ஒரு பாட்டு, கோழைன்னு அர்த்தம், அதுல குரலே மாறிடுச்சு, விட்டுட்டுப் போனவனைத் திட்டற பொம்பள வந்துட்டா. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அந்தப் பொம்பளதான். குடிக்கிறா, அழறா, சாபம் விடறா, திரும்ப அவனையே கூப்பிடறா. அந்தப் பொம்பளைய உருவாக்கினதுல முக்காவாசிப் பங்கு மரீனா துட்சாகோவிச்சுக்கு, அந்தம்மா எழுத்து, மெட்டு பெரும்பாலும் அலெக்சாந்தர் மிலிச். நம்ம ஊர் மாதிரியேதான், பாட்டு எழுதினவங்க பேரு டீக்கடை வரைக்கும் தெரியும். துட்சாகோவிச் பேரு இங்க டாக்சிக்காரருக்கும் தெரியுது.

பிப்ரவரி 3, ஞாயிறு

காலமெக்தான் கோட்டை. வாசல்ல பழைய நோட்டு விக்கிறாங்க. 500 பில்லியன் தினார் நோட்டு ஒண்ணு வாங்கினேன், 5 போட்டு 11 சைபர். 1993ல அடிச்சது. வீட்டுக்கார அம்மாகிட்ட காட்டினா சிரிக்கல. ஐ.நா. தடை, பெட்ரோல் கிடையாது, 1994 ஜனவரில மட்டும் விலைவாசி 31 கோடி சதவீதம் ஏறிச்சு, சம்பளம் வாங்கின கையோட ஓடிப்போய் எது கிடைக்குதோ வாங்கணும், சாயங்காலம் போனா அது வெறும் காகிதம். "அந்த வருஷம்தான் பிங்க் டிவி வந்துச்சு"ன்னாங்க. வீட்ல சாப்பாடு இல்ல, டிவியில பார்த்தா இந்த டர்போ பாட்டு, லெதர் ஸ்கர்ட், நீச்சல் குளம், பெரிய காரு. இந்தம்மாவுக்கு கோவம் பாட்டு மேல இல்ல, அந்த நீச்சல் குளத்து மேலன்னு எனக்குப் பட்டுச்சு. கேக்கல.

பிப்ரவரி 18, திங்கள்

ஊரே எழவு வீடு மாதிரி இருக்கு. நேத்து ஜெர்மனியில கார் ஆக்சிடெண்ட்ல ஷாபான் ஷாவுலிச் செத்துட்டாரு, 67 வயசு. பீலெஃபெல்ட்ல கச்சேரி முடிச்சிட்டுத் திரும்பும்போது. பேக்கரி, டாக்சி, சலூன், எங்க போனாலும் அவர் பாட்டுதான். இவர் டர்போ இல்ல, அதுக்கு முந்தின தலைமுறை, கஃபானான்னு சொல்ற குடிக்கடையில ராக்கியா சாராய கிளாஸோட உக்காந்து அழறதுக்குன்னே பாடின மனுஷன். ஆச்சரியம் என்னன்னா வீட்டுக்கார அம்மாவும் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வச்சிருந்தாங்க. "இவர் வேற"ன்னாங்க. எனக்கு ரெண்டு குரல்லயும் அதே வளைவுதான் கேக்குது.

பிப்ரவரி 19, செவ்வாய்

இன்னைக்கு ட்செட்சா, ஆர்கன் கல்யாண நாள். 1995 பிப்ரவரி 19. யூட்யூப்ல முழுசா இருக்கு, ஆபீஸ் வேலையை விட்டுட்டுப் பாத்தேன், மேனேஜர் இதைப் படிக்க மாட்டாருங்கற நம்பிக்கையில எழுதறேன்.

பொண்ணுக்கு 21, மாப்பிள்ளைக்கு 42. மாப்பிள்ளை முதல் உலகப்போர் காலத்து செர்பிய ஆபீசர் டிரஸ்ல வர்றாரு, நெஞ்சுல சிலுவை. ஜிட்டோராஜா வீட்டுல மேல ஒரு ஆப்பிளைக் கட்டி வச்சிருக்காங்க, அதை மாப்பிள்ளை சுட்டு விழ வைக்கணும், அப்பதான் பொண்ணு தருவாங்க, அது ஊர் வழக்கம். ஒரே குண்டுல விழல. இத்தனை துப்பாக்கி பார்த்த ஆளு, ஒரு ஆப்பிளுக்குத் திணர்றாரு. சுத்தி கோட்டு போட்டவங்களும் சுடறாங்க வானத்தைப் பாத்து. பொண்ணு சிரிக்குது. நிஜமாவே சந்தோஷமா சிரிக்குது, அதான் பாக்கக் கஷ்டமா இருந்துச்சு. டிரீனா ஆத்துக்கு அந்தப் பக்கம், போஸ்னியாவுல, அப்ப சண்டை முடியல. அங்க ஸ்ரெப்ரெனிட்சா படுகொலைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருந்துச்சு. இந்தக் கல்யாணத்தை டிவியில போட்டு, வீடியோ கேசட்டாவும் வித்திருக்காங்க.

மார்ச் 2, சனி

ஆபீஸ் பார்ட்டி, சாவா ஆத்துல மிதக்கிற கிளப். இங்க அதுக்கு 'ஸ்ப்லாவ்'னு பேரு. ராத்திரி ரெண்டு மணிக்கு டிஜே ட்செட்சா பாட்டு போட்டதும், அதுவரைக்கும் டெக்னோதான் இசைன்னு லெக்சர் எடுத்த பசங்க எல்லாம் கையைத் தூக்கிட்டு கண்ணை மூடிட்டு கத்தறாங்க. அதுல ஒருத்தன், பேரு வேணாம், அவன் அந்த பியெல்யினாக்காரன். முஸ்லிம் குடும்பம். ஆறு வயசுல 1992ல பெத்தவங்களோட வெளியேறினவன். அவனும்தான் கத்தினான், ஒரு வரி விடாம.

வெளிய சிகரெட் பிடிக்க வந்தப்ப கேட்டுட்டேன், கேக்கலாமா கூடாதான்னு யோசிக்காமலே. கோவப்படல. அவங்கம்மா இப்ப வியன்னாவுல, சமையக்கட்டுல ட்செட்சா பாட்டுதானாம். ட்செட்சா புருஷன் மூஞ்சி டிவியில வந்தா சேனலை மாத்திருவாங்களாம். "ரெண்டுக்கும் அதே ரிமோட்தான்"னான். அப்புறம் ஃபுட்பால் பேச ஆரம்பிச்சிட்டான்.

யோசிச்சுப் பாத்தா ட்செட்சா பாட்டுல நாடு, சண்டை, எதிரி எதுவுமே இல்ல. நான் மொழிபெயர்ப்பு தேடித்தேடிப் படிச்ச வரைக்கும் ஒரே ஆம்பள, ஒரே பொம்பள, ஒரே பாட்டில். அதனாலதான் குரோஷியாவோட ஜாக்ரெப்லயும் போஸ்னியாவோட சரயேவோலயும் கேக்கறாங்க போல. போர்ப் பாட்டு பாடியிருந்தா வெறுக்கறது எவ்ளோ சுலபமா இருந்திருக்கும்.

மார்ச் 12, செவ்வாய்

கவர்ன்மெண்ட் ஆபீஸ் பக்கம் பூ வச்சிருக்காங்க. 2003ல இதே நாள் பிரதமர் ஜோரான் ஜிஞ்ஜிச்சை அங்கதான் ஸ்னைப்பர் வச்சுக் கொன்னாங்க. வீட்டுக்கார அம்மா வருஷா வருஷம் போவாங்களாம், இன்னைக்கு நானும் கூடப் போனேன். 96-97 குளிர்காலத்துல மூணு மாசம் தினமும் விசில் ஊதிட்டு அப்ப அதிபரா இருந்த மிலோஷெவிச்சுக்கு எதிரா ரோட்ல நின்னவங்க இவங்க. அந்த ஊர்வலத்துல முன்னாடி நடந்தவர்ல ஒருத்தர் ஜிஞ்ஜிச்.

கொலைக்கப்புறம் 'வாள்'னு பேரு வச்சு போலீஸ் வேட்டை, 11 ஆயிரத்துக்கு மேல ஆளுங்களைப் பிடிச்சாங்க. அஞ்சாவது நாள் ட்செட்சா கைது. சந்தேகம் என்னன்னா கொலைக்குப் பின்னால இருந்த ஜெமுன் கும்பலோட பழக்கம். வீட்டைச் சோதனை போட்டா ரகசிய அறையில ஆயுதம். நாலு மாசம் உள்ள இருந்தாங்க. கொலையில அவங்க மேல கேஸ் எதுவும் நிக்கல. அதுக்கு முந்தின வருஷம், 2002 ஜூன் 15, ரெட் ஸ்டாரோட மரகானா ஸ்டேடியத்தை நிரப்பிப் பாடினாங்க. வெளிய வந்து 2006ல உஷ்ச்சே மைதானத்துல பாடினப்ப அதைவிடக் கூட்டம்னு சொல்றவங்க உண்டு.

"நான் பூ வைக்கிறேன், ட்செட்சா ரசிகருங்க டிக்கெட் வாங்கறாங்க, நாங்க ஒரே பஸ்லதான் வீட்டுக்குப் போறோம்"னாங்க அம்மா. பஸ்ல நிஜமாவே கூட்டம்.

மார்ச் 17, ஞாயிறு

ஃபுட்பால் கதைய விட்டுட்டேன். ஒபிலிச்னு சின்ன கிளப், ஆர்கன் வாங்கின கொஞ்ச நாள்லயே 1998ல லீக் சாம்பியன். எதிர் டீம் ஆளுங்களை மிரட்டினாங்கன்னு ஊர்ல கதை கதையா சொல்லுவாங்க. ஐரோப்பியப் போட்டியில ஆர்கன் பேரு இருந்தா சிக்கல்னதும் அவர் ஒதுங்கி தலைவரா ட்செட்சாவை உக்கார வச்சாரு, பயர்ன் ம்யூனிக்கோட மோதி 4-0ன்னு அடி வாங்கி வந்தாங்க. பிளேயர்களை வித்த காசுல கை வச்ச கேஸும் ஆயுத கேஸும் இழுத்து இழுத்து 2011ல குத்தத்தை ஒத்துகிட்டு சமரசம் ஆச்சு: வீட்டுக் காவல், 15 லட்சம் யூரோ அபராதம். கால்ல எலக்ட்ரானிக் வளையம். அதே வருஷம் புது ஆல்பம் வேற. 2013ல திரும்ப உஷ்ச்சே மைதானம். இப்ப பொண்ணு அனஸ்தாசியாவும் பாடறா, பையன் வெல்கோ பாக்சர்.

மார்ச் 23, சனி

காலைல கிளம்பறேன். வீட்டுக்கார அம்மா வீட்ல செஞ்ச ஐவர் ஒரு பாட்டில் குடுத்தாங்க, மிளகா சட்னி மாதிரி இருக்கும், ஆனா காரமே இல்ல. சட்டைக்குள்ள சுத்தி வச்சிருக்கேன்.

ஏர்போர்ட் டாக்சி டிரைவர் தெற்குப் பக்கத்து ஆளு, ப்ரோகுப்லியேன்னாரு. ஜிட்டோராஜா பக்கத்து ஊருதானேன்னு கேட்டேன். கண்ணாடியில என்னைப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம பாட்டை மாத்தி சத்தம் வச்சாரு. அதே குரல், எனக்குத் தெரியாத பாட்டு. என்ன சொல்லுதுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் வார்த்தை தேடினாரு. "லவ்"னாரு. அடுத்த பாட்டு? "லவ்." அதுக்கடுத்தது ஆரம்பிச்சப்ப நான் கேக்கல, அவரே விரலால ஸ்டியரிங்ல தட்டிகிட்டே "லவ்"னு சொன்னாரு. கேஷ்தான் வேணும்னுட்டாரு, என்கிட்ட இருந்த தினார்ல 200 குறைஞ்சுது, பரவாயில்லன்னு விட்டுட்டாரு. 500 பில்லியன் நோட்டைக் காட்டினேன், அதுக்கு மட்டும் சிரிச்சாரு.