அந்த வானுக்கும் புள்ளி

வெள்ளவத்தையில் அக்காவின் வீட்டு மேசையில் அவள் மகளின் தரம் 8 கொப்பிகள் விரிந்து கிடந்தன.

புவியியல் ஒப்படையில் களனி கங்கை. சிவனொளிபாத மலைப் பக்கம் தொடங்கி, 145 கிலோமீட்டர் ஓடி, மட்டக்குளியில் கடலைச் சேர்கிறது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளையில் மட்டும் ஒரு நீலக் கோடு தனியே பிரிந்து போகிறது. அதன் முடிவில் சின்ன எழுத்தில், ‘எங்கள் வீட்டுக் குழாய்’.

அந்தக் கோடு அவளாகவே கீறியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஞ்ஞானக் கொப்பியில் மணலும் கரியும் போட்டுத் தண்ணீர் வடித்த போத்தல். ‘தெளிவாக வந்தது. ஆனால் குடிக்கவில்லை. கிருமி கண்ணுக்குத் தெரியாது.’ எவ்வளவு நேர்மையான முடிவு!

அப்புறம் தமிழ்க் கொப்பி. ‘மழைநாள்’ கட்டுரை முழுக்க மனப்பாட வரிகள். மயில் ஆடுகிறது. மழைக்குக் காலி வீதி நெரிசலில், பிள்ளைகளை ஏற்றிய பள்ளி வான் அசையாமல் நிற்பது அதில் இல்லை.

ஏன் என்று கேட்டேன்.

“மயில் வந்தாத்தான் மாமா புள்ளி கூட.”

மற்றப் பாடங்களில் கண்டதைக் கண்டபடியே எழுதுகிற பிள்ளை, தமிழ்ப் பாடத்தில் மட்டும் தன் கண்ணை நம்பப் பயப்படுகிறாள். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

தமிழ் ஆசிரியர்களே, அந்த வானுக்கும் புள்ளி போடுங்கள்.