டிராகன் செதில் கட்டு: ஒரே கையெழுத்துப்படியிலிருந்து மீளும் கலை

சீனாவின் பழைய நூற்கட்டு முறைகளில் ‘லோங்லின்’ என்றொன்று உண்டு. டிராகனின் செதில் என்பது அந்தப் பெயரின் பொருள். சுருட்டி வைத்திருக்கும்போது அது சாதாரணக் காகிதச் சுருளாகவே தோன்றும். மேசையின்மேல் விரித்தால், ஒன்றன்கீழ் ஒன்றாகச் சற்றே இடப்புறம் தள்ளி ஒட்டப்பட்ட ஏடுகளின் ஓரங்கள் செதில் செதிலாக அடுக்கி நிற்பது தெரியும். ஓர் ஓரத்தை விரலால் தூக்கினால் அந்த ஏடு வலப்பக்கமாகப் புரளும். அதன் இரு பக்கங்களிலும் எழுத்து இருக்கும். சுருளுக்கும் புத்தகத்துக்கும் இடையில் பிறந்து, இரண்டின் இயல்பையும் தன்னிடம் வைத்துக்கொண்ட இந்த வடிவத்தின்மேல் எனக்கு ஏற்பட்ட ஈர்ப்பு, ஓராண்டாக என் ஓய்வு நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இம்முறைக்கு முழுமையான சான்றாக எடுத்துக்காட்டப்படுவது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள தாங் அரச மரபுக் காலத்துக் கையெழுத்துப்படி. அது சொற்களை ஓசைப்படி வகுத்துத் தரும் ஓர் ஓசை அகராதி. 601ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ‘சியேயுன்’ என்னும் நூலைத் திருத்தியும் விரித்தும் வாங் ரென்சு 706இல் முடித்த நூலின் படி. மொத்தம் 24 ஏடுகள். முதல் ஏடு, சுருளாகும் நீண்ட அடித்தாளோடு முழுவதுமாக ஒட்டப்பட்டிருப்பதால் அதில் ஒரு பக்கம் மட்டுமே எழுத முடிந்தது. மற்ற 23 ஏடுகளும் வலப்புற ஓரத்தில் மட்டும் ஒட்டப்பட்டு இருபுறமும் எழுதப்பட்டவை. ஆக 47 பக்கங்கள் ஒரே சுருளுக்குள் அடங்கிவிட்டன.

இந்தப் படியைக் கையால் எழுதியவர் வூ சாய்லுவான் என்ற பெண் என்பது மரபு. வறிய கணவனோடு வாழ்ந்த அவர் நாளொன்றுக்கு ஓர் ஓசை நூலைப் படியெடுத்து விற்றுக் குடும்பம் நடத்தினார் என்றும், இறுதியில் இருவரும் புலிகளின் மீதேறி மலைக்குள் மறைந்தார்கள் என்றும் கதை சொல்கிறது. புலியை விட்டுவிடலாம். ஆனால் விற்பதற்காக நாள்தோறும் ஓசை நூல் படியெடுக்கப்பட்டது என்ற செய்தி, அந்த நூலுக்கு இருந்த தேவையைக் காட்டுகிறது. கவிதை எழுதுவது அரசுத் தேர்வின் பகுதியாக இருந்த காலத்தில், எந்தச் சொல் எந்தச் சொல்லோடு ஓசையில் இணையும் என்று அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது. வாங் ரென்சுவின் நூல் சொற்களை 195 ஓசை வகைகளாகப் பிரிக்கிறது. நூற்றெண்பதாவது வகையில் உள்ள ஒரு சொல்லுக்காகச் சுருள் முழுவதையும் அவிழ்ப்பதும், அடுத்த சொல்லுக்காக அதைத் திரும்பச் சுற்றுவதும் எவ்வளவு சலிப்பூட்டும் வேலை! பதினோராம் நூற்றாண்டு அறிஞர் ஓயாங் சியு இதையே காரணமாகச் சொல்கிறார்: அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டிய நூல்களைச் சுருளாக வைத்திருப்பது கடினமாக இருந்ததால் அவற்றை ‘இலை’களாக எழுதினார்கள் என்று குறிப்பிட்டு, வூ சாய்லுவானின் ஓசை நூலை எடுத்துக்காட்டாகத் தருகிறார்.

இலை என்ற அந்தச் சொல் ஏட்டுச்சுவடி மரபில் வந்த நமக்கு அந்நியமாகத் தோன்றாது. பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன பனையோலைச் சுவடிகளைச் சீனர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அவற்றைப் பின்பற்றிக் காகிதத்திலும் நூல் செய்தார்கள்.

பெயரைப் பற்றி அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. இதே கட்டைச் ‘சுழற்காற்றுக் கட்டு’ என்று அழைப்பவர்கள் பலர்; அந்தப் பெயர் வேறொரு வடிவத்துக்கு உரியது என்பவர்களும் இருக்கிறார்கள். சுருளை விரித்ததும் எல்லா ஏடுகளும் ஒரே திசையில் வளைந்து எழுவதைக் கண்ணால் பார்த்தபின், காற்றின் பெயரும் பொருத்தமே என்று எனக்குத் தோன்றியது.

செய்து பார்க்கும்போதுதான் இதன் உண்மையான சிக்கல் புரிகிறது. இருபுறமும் எழுத வேண்டுமானால் மை மறுபக்கம் ஊறாத அளவுக்குத் தாள் தடிப்பாக இருக்க வேண்டும். சுருள வேண்டுமானால் அதே தாள் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். அன்ஹுய் மாகாணத்தின் சிங் மாவட்டத்தில் சிங்தான் மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்யும் சுவான் காகிதத்தில், மை பரவாதபடி பதப்படுத்திய மெல்லிய தாள்கள் இரண்டை ஒன்றாக ஒட்டி ஓர் ஏடாக்கியபோதுதான் ஓரளவு சமநிலை கிடைத்தது. அடுத்தது பசை. கோதுமை மாவைப் பிசைந்து கழுவி, ஒட்டும் புரதத்தை நீக்கி, நீரில் தங்கும் மாவை மட்டும் காய்ச்சி எடுக்க வேண்டும். என் முதல் சுருளில் அதைக் கெட்டியாகப் பூசிவிட்டேன். காய்ந்ததும் ஒட்டிய பட்டை விறைத்து, சுருட்டும்போது ஒவ்வோர் ஏடும் அந்த இடத்தில் மடிந்துபோனது. பால் போல நீர்த்த பசையே வேண்டும் என்பதைக் கற்க அந்தச் சுருளை முழுவதும் இழக்க நேர்ந்தது. இடைவெளியிலும் அதே கண்டிப்பு தேவை. ஏட்டுக்கு அரை மில்லிமீட்டர் பிசகினால், 23ஆம் ஏட்டில் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வந்து நிற்கும்; செதில் வரிசை உடைந்துவிடும்.

இந்தக் கட்டு வழக்கொழிந்ததற்கு அச்சு ஒரு முக்கியக் காரணம். ஒரு மரப்பலகையில் ஒரு தாள் அச்சாகும்போது, அதை நடுவில் மடித்து மடிப்பில் ஒட்டுவதே எளிது. சோங் காலத்து வண்ணத்துப்பூச்சிக் கட்டு அப்படி வந்தது. மிங் காலத்தில் நூலால் தைக்கும் கட்டு பரவியது.

இன்று இதை மீட்டவர்களில் பெய்ஜிங்கைச் சேர்ந்த வடிவமைப்பாளர் சாங் சியாவ்தோங் முதன்மையானவர். பௌத்த நூலான வைரச் சூத்திரத்தையும் ‘செம்மாடக் கனவு’ என்ற சீன நாவலையும் அவர் இந்தக் கட்டில் செய்திருக்கிறார். ஏடுகளின் ஓரங்கள் சேர்ந்து ஓர் ஓவியமாக விரியும் அந்த உழைப்பு என்னை வியக்க வைக்கிறது. அவர் இல்லையென்றால் இந்தப் பெயரையே நான் கேள்விப்பட்டிருக்க மாட்டேன். ஆயினும், இதைப் பார்ப்பதற்குரிய கலைப்பொருளாக மட்டும் மீட்டால் பாதிதான் மீண்டது என்பது என் உறுதியான எண்ணம். தேடி எடுப்பதற்காகப் பிறந்த வடிவம் இது. அதன் அழகு, தேடும் விரலுக்கு வழிவிடும் ஓரத்தில் இருக்கிறது.

அதனால் என் இரண்டாவது சுருளில் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியை எழுதத் தொடங்கியிருக்கிறேன். பல பொருள் தரும் சொற்களை எதுகை வரிசையில் அடுக்கும் பகுதி அது. ஓசையைக் கொண்டு சொல்லைத் தேடுபவருக்கு உரியது. வூ சாய்லுவானின் சுருளும் அதற்காகவே எழுதப்பட்டது. ககர எதுகையும் ஙகர எதுகையும் முடிந்துவிட்டன. ஒவ்வொரு செதிலின் ஓரத்திலும் அந்த ஏட்டின் எதுகை எழுத்தைச் சிவப்பு மையில் சிறிதாக இட்டு வருகிறேன்.