தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்ன கிளினிக்கும் 119 சோடியமும்

அக்கா பல வருடமாக ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தைச் சாப்பிடுகிறாள். அந்த மருந்துதான் அவளை மறுபடி வேலைக்குப் போக வைத்தது, அதைக் குறை சொல்ல வரவில்லை. என் எரிச்சல் எல்லாம், அவளுக்கு உடம்பில் எது வந்தாலும் மனசின் கோளாறு என்று தள்ளிவிட்டவர்கள் மேல்தான்.

முதலில் மாதவிலக்கு நின்றது. வீட்டுப் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் “ஸ்ட்ரெஸ்” என்றார்கள். மார்பில் பால் கசிய ஆரம்பித்ததும் ஸ்பெஷலிஸ்டுக்கு ஒரு கடிதம் தந்தார்கள். லீவு போட்டுவிட்டுப் போனால், கவுண்டரில் இருந்தவர் கடிதத்தைத் திருப்பித் தந்தார். “இதுக்கு பிரைவேட் ரேட். சலுகைக் கட்டணம் வேணும்னா பாலிகிளினிக் லெட்டர் கொண்டு வாங்க.” போனில் கேட்டபோதே இதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பாலிகிளினிக், அதாவது இங்கே சிங்கப்பூரில் அரசு மருந்தகம், அதன் கடிதம் சுலபமாகக் கிடைத்தது. ஆனால் ஸ்பெஷலிஸ்ட் தேதி வருவதற்குள் அக்காவுக்குத் தலைவலி, குமட்டல். அதே கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று சொல்லி, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். அவளும் சொன்னபடி பாட்டில் பாட்டிலாகக் குடித்தாள். நடையில் தள்ளாட்டம் வந்தது. ஒரு காலை ரைஸ் குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அம்மா பழைய வியாதி திரும்பிவிட்டது என்று அழுதார். அவசரப் பிரிவிலும் அதே கதை. ஃபைலைப் புரட்டியதுமே மனநல மருத்துவரை வரச் சொல்கிறோம் என்றார்கள். நான் விடவில்லை. “அவளுக்கு நோய் வந்தா குரல்தான் கேட்கும், வாந்தி வராது, தள்ளாட மாட்டா. முதல்ல ரத்தம் எடுத்துப் பாருங்க.” எடுத்தார்கள். சோடியம், அதாவது ரத்தத்தில் உப்பின் அளவு, 119. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. அப்புறம் யாரும் ஃபைலைப் பற்றிப் பேசவில்லை.

உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் அளவுக்கு மேல் வேலை செய்திருக்கிறது, இந்த வகை மருந்துகளால் சிலருக்கு அப்படி ஆகும் என்று வார்டு டாக்டர் விளக்கினார். உப்பு குறையவில்லை, தண்ணீர்தான் கூடிவிட்டது. ரசத்தில் தண்ணீர் ஊற்றிய கதை. அதனால் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. அம்மா கொண்டுவந்த இளநீரையும் தாதி அளந்து சார்ட்டில் எழுதினார். சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்றினார்கள். வேகமாக ஏறினால் மூளைக்கே ஆபத்தாம்.

மாதவிலக்கு விஷயத்தை நானாக எடுத்துச் சொன்ன பிறகுதான் பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினைப் பார்த்தார்கள். அதற்கு முன் வழக்கப்படி கர்ப்பப் பரிசோதனை. அதைக் கேட்டதும் அம்மா முகம் போன போக்கு! புரோலாக்டின் எக்கச்சக்கம். அதை அடக்கி வைப்பது டோபமின் என்ற மூளை ரசாயனம், ரிஸ்பெரிடோன் அந்த டோபமினைத்தான் தடுக்கிறது. இப்படியே வருடக்கணக்கில் விட்டால் எலும்பும் தேயும். ஹார்மோன் டாக்டர் மருந்தை மாற்றுவது மனநல டாக்டர் பொறுப்பு என்றார். அவரோ ஹார்மோன் டாக்டரின் கடிதம் வரட்டும் என்றார். கடைசியில் கடிதத்தின் நகலை நானே கையில் வாங்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பிப்ராசோல் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார்கள். இப்போது சோடியம் 138, மாதவிலக்கும் வந்துவிட்டது.

இந்த வகை மனநோய் மருந்து சாப்பிடுபவருக்குத் திடீரெனக் குழப்பமோ தள்ளாட்டமோ வந்தால் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷருக்குத் தயசைட் வகை மாத்திரையோ, மனச்சோர்வு மாத்திரையோ சேர்த்துச் சாப்பிட்டால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவையும் சோடியத்தை இறக்கும். பாலிகிளினிக், அரசு மருத்துவமனை ரிசல்ட்களை ஹெல்த்ஹப் செயலியில் பார்க்கலாம். தனியாரிடம் எடுத்ததைக் காகிதமாக வாங்கி வையுங்கள். அந்தக் கிளினிக்கில் அக்காவின் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டதற்குப் பிரிண்ட் எடுக்கக் காசு கேட்டார்கள். கொடுத்தேன், ரசீதும் கேட்டு வாங்கினேன்.