குறிப்பு என்ற கடைசிப் பத்தி

இருபத்திரண்டு வருடம் நான் பார்த்த வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஆற்றின் உயரத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவது. கரையில் நட்டிருக்கும் அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று சாதாரண நாளில் மூன்று வேளை, வெள்ளக் காலத்தில் மணிக்கு ஒரு தடவை. நோட்டில் தேதி, நேரம், மட்டம் என்று பத்திகள் இருக்கும். கடைசியில் குறுகலாக 'குறிப்பு' என்று ஒன்று. முதல் மாதம் முழுக்க அந்தப் பத்தியைக் காலியாகவே விட்டிருந்தேன். எழுத என்ன இருக்கிறது என்று தோன்றியது.

வேலையில் சேர்ந்து பத்து நாள் இருக்கும். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. காலை ஆறு மணிக்கு எழுதிய மட்டத்தைவிட ஒன்பது மணிக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. காலையில் தூக்கக் கலக்கத்தில் தப்பாகப் பார்த்துவிட்டேன் போல என்று நினைத்து, பழைய எண்ணை அடிக்கப் போனேன். எனக்கு முன்பே அந்த நிலையத்தில் இருந்த பெரியவர் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதே தம்பி, நீ பார்த்தது சரிதான். மேலே முந்தாநாள் பெஞ்சிருக்கு. நமக்குத் தபால் இன்னிக்குத்தான் வருது."

அன்றைக்கு அவர் என்னைத் தண்ணீர் ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியதைத்தான் பிற்பாடு நான் வேலை என்று நினைத்துக்கொண்டேன். முதலில் ஏறும் தண்ணீரில் காய்ந்த சருகும் குச்சியும் வந்தால், மேலே வெறுமனே நிலம் நனைந்து வழிந்திருக்கிறது. பச்சை இலையோடு கிளை வந்தால் காற்றும் மழையும் சேர்ந்து அடித்திருக்கிறது. வேரோடு, வேரில் மண்ணோடு மரம் வந்தால் எங்கோ கரையோ மலைச்சரிவோ இடிந்திருக்கிறது. அப்போது எண்ணை எழுதிக்கொண்டு நிற்காதே, முதலில் கீழே இருப்பவர்களுக்குப் போன் போடு. இதெல்லாம் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை. 'குறிப்பு' பத்தியில் அவர் கையெழுத்தில் ஒற்றைச் சொற்களாக இருந்தது: சருகு. பச்சை. வேர். நுரை.

எங்கள் நிலையத்துக்கு மேலே ஆறு மூன்று கிளைகளாகச் சேர்ந்து வந்தது. இடப்பக்கக் கிளை உழுத நிலங்களுக்கு நடுவே வருவது. செங்கல் பொடியைக் கரைத்தது போல இருக்கும். நடுக்கிளை சாம்பல் நிறம். வலப்பக்கக் கிளை காட்டுக்குள்ளிருந்து வருவது. பெருமழையிலும் அடியில் கிடக்கும் கூழாங்கல் மங்கலாகவாவது தெரியும். தண்ணீரின் நிறத்தை வைத்தே மழை எந்தப் பக்கம் பெய்தது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இந்த நிறக் கணக்கில் எனக்கு நெடுநாள் பிடிபடாத ஒன்று இருந்தது. சில வெள்ளங்களில் மட்டம் ஏறிவிடும், தண்ணீர் தெளிவாகவே இருக்கும். நிறம் பல மணி நேரம் கழித்துத்தான் வரும். காரணம் பிறகு புரிந்தது. மேலே சேர்ந்த தண்ணீர் தனக்கு முன்னால் ஆற்றில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரைப் பிதுக்கிக்கொண்டு வருகிறது. அந்த அலை, தண்ணீர் ஓடும் வேகத்தைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு வேகத்தில் இறங்கும். ஆகவே நம் இடத்தில் முதலில் ஏறுவது பக்கத்து வளைவில் கிடந்த தெளிந்த தண்ணீர். தூரத்து மழையும் அதன் மண்ணும் பின்னால் வருகின்றன. கேட்பதற்குச் சின்ன விஷயம். தெளிந்த தண்ணீரை நம்பி, இன்னும் கலங்கவில்லை, நேரம் இருக்கிறது என்று ஆற்றிடைத் திட்டில் மாடுகளை மேயவிட்டிருந்த ஒருவரைப் படகில் போய் இழுத்து வந்திருக்கிறோம். மாடுகளில் இரண்டை விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. அவர் அன்றிரவு முழுக்க எங்கள் நிலையத் திண்ணையில் உட்கார்ந்து, "தெளிஞ்சுதானே சார் இருந்தது, தெளிஞ்சுதானே இருந்தது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வலப்பக்கக் கிளைக்கு வருகிறேன். நான் சேர்ந்த ஏழெட்டு வருடத்தில் அதன் நிறம் மாறத் தொடங்கியது. மேலே மரம் வெட்டினார்கள், சாலை போட்டார்கள், சரிவில் புதிதாக உழுதார்கள். பழைய நோட்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். முன்பு அந்தப் பக்கம் பெய்த மழை எங்களிடம் உச்சத்தை எட்ட ஒன்றரை நாள் ஆகும். பிறகு ஒரு நாள்கூட ஆகவில்லை. சீக்கிரம் ஏறியது, சீக்கிரம் இறங்கியது. காட்டு மண் கடற்பஞ்சு மாதிரி. வேர்த் துளைகளும் மக்கிய இலையும் தண்ணீரை உள்ளே விடும். மரத்தை எடுத்தால் மழைத்துளி நேரே மண்ணில் அடித்து மேல்பரப்பு இறுகிப்போகும், தண்ணீர் வழிந்தோடும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காடு போனால் ஆறு வற்றும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அது அவ்வளவு நேரான கணக்கு இல்லை. மரங்களும் தண்ணீர் குடிக்கும். உலகெங்கும் 94 சிறு நீர்ப்பிடிப்புகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்து 1982-இல் வந்த ஆய்வு, மரம் குறைந்த இடங்களில் ஆற்றின் ஆண்டு மொத்த வரத்து கூடுகிறது என்றுதான் சொன்னது. அளவு கூடினாலும் அது வரும் நேரம் கெட்டுவிடுகிறது என்பதே எங்கள் கரையில் நான் பார்த்தது. வேண்டாத வேளையில் மொத்தமாக வந்து, வேண்டிய மாதங்களில் இல்லாமல் போகிற தண்ணீரை ஆண்டுக் கணக்கில் கூட்டிப்போட்டு என்ன செய்வது? கரையில் இருப்பவன் ஆண்டு சராசரியில் குளிப்பதில்லை.

என் பணிக்காலத்தில் என்னை அதிகம் ஆட்டிவைத்தது வெள்ளம் இல்லை. அளவுகோல் அந்தரத்தில் தொங்கியதுதான்.

மேலே மின்சாரத்துக்காக அணை வந்தது. முதலில் கவனித்தது, ஆறு மூச்சு விடுவது போல நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கியது. மின்தேவை கூடும் நேரத்தில் திறப்பார்கள், குறைந்தால் அடைப்பார்கள். அதற்குப் பழகிவிட்டோம். பழக முடியாதது மெதுவாக வந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆறு எவ்வளவு சுத்தமாகிவிட்டது என்றார்கள். பெரியவர் மட்டும், "மண்ணு எங்கே போச்சு?" என்று கேட்டார்.

மண் அணைக்குள் படிந்துவிட்டது. மணலும் வண்டலும் சுமந்து பழகிய தண்ணீர், வெறுங்கையோடு வெளியே வந்தால் போகிற வழியில் படுகையையும் கரையையும் அரித்துத் தன் சுமையை எடுத்துக்கொள்ளும். நிபுணர்கள் இதைப் பசித்த தண்ணீர் என்கிறார்கள். நல்ல பெயர். அந்தப் பசிக்குப் பிறகும் மிஞ்சிய மணலை லாரிகள் அள்ளின. பத்து வருடத்தில் படுகை ஒரு ஆள் இடுப்பளவு கீழே போனது. ஒரு கோடைக் காலையில் போய்ப் பார்த்தால், அளவுகோலின் பூஜ்யக் கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே என் கை நுழைந்தது. மைனஸ் பன்னிரண்டு என்று எழுதி அனுப்பினேன். தலைமையிடத்திலிருந்து உடனே போன்.

"ஆறு வத்திப்போச்சா?"

"இல்ல சார், ஓடுது. கோலுக்குக் கீழே ஓடுது."

அவருக்குப் புரிய வைக்க வேகமானியை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினோம். கம்பியில் சின்னக் கிண்ணங்கள் சுழலும் கருவி அது. ஒவ்வொரு சுற்றுக்கும் காதில் மாட்டிய ஒலிபேசியில் 'டிக்' என்று கேட்கும். ஆழத்தின் பத்தில் ஆறு பங்கில் கருவியை நிறுத்தி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை டிக் என்று எண்ண வேண்டும். குறுக்காக இருபது இடங்களில் எண்ணிக் கணக்குப் போட்டால், வினாடிக்கு ஓடும் கன மீட்டர் கிட்டத்தட்ட முந்தைய கோடையில் ஓடியதுதான். ஆற்றில் தண்ணீர் குறையவில்லை, ஆறே இறங்கிவிட்டது. மட்டத்தை வைத்து ஓட்டத்தைக் கணிக்க நாங்கள் வருடக்கணக்கில் போட்டு வைத்திருந்த வரைபடம் குப்பைக்குப் போனது.

எங்களுக்காவது கோலை இறக்கி நட்டால் போதும். கரையோரக் கிணறுகள் ஆற்றைப் பின்தொடர்ந்து கீழே போயின. குடிநீர் எடுக்கும் குழாயின் வாய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பாலத்தின் தூணுக்கு அடியில், எந்தக் காலத்திலும் யாரும் பார்த்திராத அஸ்திவாரக் கற்கள் பல்லை இளித்தன. பாலத்தில் போகிறவர்கள் யாரும் அணையைத் திட்டவில்லை, பாலம் கட்டியவனைத் திட்டினார்கள்.

நைல் நதியில் இதுவே பெரிய அளவில் நடந்தது. அஸ்வான் உயர் அணை 1970-இல் கட்டி முடிந்த பிறகு வண்டல் அங்கேயே நின்றுவிட, பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கழிமுகத்தில் கடல் கரையைத் தின்பது வேகமெடுத்தது. மறுபக்கக் கதையும் உண்டு. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் இரண்டு பழைய அணைகளை 2011-க்கும் 2014-க்கும் இடையில் இடித்து எடுத்தார்கள். சிறைப்பட்டிருந்த மண் இறங்கி வந்து, அரித்துப்போயிருந்த முகத்துவாரத்தில் புதுக் கடற்கரையே உருவானது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வந்த முதல் எண்ணம், அங்கே அளவுகோல் பார்க்கிறவன் எத்தனை தடவை பூஜ்யத்தை மாற்றியிருப்பான் என்பதுதான்.

மேல் நிலையத்துக்காரரோடு பதினைந்து வருடம் போனில்தான் பழக்கம். காலை ஆறரைக்கு அவர் மட்டத்தைச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். ஒருநாள் "இயல்பு" என்றார். அன்று பிற்பகல் எங்கள் கரை நெடுக மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. மேலே ஒரு ஆலை இரவோடிரவாக எதையோ திறந்துவிட்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, மட்டம் இயல்புதான். கோலுக்கு உயரம்தானே தெரியும்.

ரைன் நதியில் 1986 நவம்பர் 1-ஆம் தேதி பாசல் நகருக்கு அருகே ரசாயனக் கிடங்கில் தீப்பிடித்து, அணைக்க அடித்த தண்ணீரோடு பூச்சிக்கொல்லிகள் ஆற்றில் கலந்தபோது, ஆறு சிவந்து விலாங்கு மீன்கள் கூட்டமாகச் செத்தன. அதற்குப் பிறகுதான், நஞ்சு எந்த ஊரை எத்தனை மணிக்கு எட்டும் என்று கணக்கிட்டு நாடு நாடாகக் கீழே சொல்லும் எச்சரிக்கை முறையை அங்கே பலப்படுத்தினார்கள். எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து நான் மட்டத்தைக் கேட்டு முடித்ததும், "நிறம்? வாசனை?" என்று கேட்பேன். முதலில் சிரித்தார். அப்புறம் அவரே சொல்லத் தொடங்கினார்.

பதினாறாவது வருடம் ஒரு வேலையாக அங்கே போக வேண்டியிருந்தது. நேரில் ஆள் நான் நினைத்ததைவிடக் குள்ளம். என்னை அழைத்துக்கொண்டு, சரிவை உழுதிருந்த ஒருவரிடம் போனார். நான் மனசுக்குள் ஒரு வழக்கையே தயாரித்து வைத்திருந்தேன்: எங்கள் வலப்பக்கக் கிளையை நாசமாக்கியவர்கள் இவர்கள்தான் என்று. அந்த மனிதர் நான் கீழேயிருந்து வருகிறேன் என்றதும் கேட்டார், "என் மண்ணு அங்கே நல்லா இருக்கா? எனக்குப் போனது போனதுதான், உங்களுக்கு வண்டலாவது கிடைக்குதுல்ல." பதில் சொல்ல வாய் வரவில்லை. அணையைத் தாண்டி அந்த வண்டல் எங்களுக்கு வரவில்லை என்பதைக்கூட நான் சொல்லவில்லை.

சரிவில் வரப்புப் போட்டு மண்ணைத் தடுக்க அவருக்குத் தெரியாமல் இல்லை. செலவு அவருடையது, லாபம் கீழே இருப்பவனுடையது. நியூயார்க் நகரம் இந்த முடிச்சை 1997-இல் ஒரு விதமாக அவிழ்த்தது: விலை அதிகமான வடிகட்டும் நிலையம் கட்டுவதற்குப் பதில், கேட்ஸ்கில் மலைப்பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் போட்டு, மேலே தண்ணீரைக் காப்பதற்கு நகரமே பணம் கொடுத்தது. பணக்கார நகரம், செய்ய முடிந்தது என்பார்கள். இருக்கலாம். ஆனால் கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குக் கடன்பட்டிருக்கிறான் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்களே, அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் பாலத்தின் அடியில் ராடார் கருவி பொருத்தினார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டம் தானாகத் தலைமையிடம் போய்விடும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி மூன்று மணிக்கு மழையில் டார்ச்சோடு படி இறங்கியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். மேல் நிலையத்திலும் அதே கருவி. காலை ஆறரை போன் நின்றுபோனது.

கணினியில் வரும் புதுப் படிவத்தில் தேதி, நேரம், மட்டம் மூன்றும் உண்டு. கடைசிப் பத்தி இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். கூடவே பெரியவருடைய நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை நகலெடுத்து வைத்தேன், சருகு, பச்சை, வேர், நுரை என்றிருந்த பக்கம். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. இப்போதும் ஆற்றோரம் நடக்கப் போனால் சட்டைப்பையில் சின்ன நோட்டு ஒன்று இருக்கிறது. நேற்றைய பக்கத்தில் எழுதியிருப்பது: மட்டம் பார்க்கவில்லை. வலப்பக்கம் பழுப்பு. பச்சை இலை.